புதன்கிழமைப் பல்லுக்குத்து

பூரணம் மிஸ்ஸுக்கு ஒரு சிறப்பு மலர் வெளியிடப் போகிறார்களாம். அவரோடு வேலை செய்தவள் என்பதால் என்னிடமும் நாலு வரி கேட்டு வந்தார்கள். மாதிரிக்கு அவர்களே ஒன்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். "பொறுமையின் சிகரம், அன்பின் ஊற்று." வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒன்பது வருடம் அவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் சொல்கிறேன், பொறுமை என்பது அந்த மனுசியிடம் மருந்துக்கும் கிடையாது. பேனையால் மேசையைக் குத்துவார். கதவை அடித்துச் சாத்துவார். கொழும்புத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினால் தாள் கிழியும். ஆனால் அவருடைய அறைக்குள் ஒருத்தி வந்து கதிரையில் இருந்துவிட்டால் அதே வாய் ஒரு மணித்தியாலம் மூடிக் கிடக்கும். நாலு வரியில் இதைச் சொல்ல எனக்கு ஏலாது. நடந்ததை எழுதித் தருகிறேன், போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

எங்கள் மருந்தகம் உட்துறைமுக வீதியில், ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த பழைய வீட்டில் இருந்தது. நான் அங்கே துண்டு கொடுப்பவள். வருகிறவர்களின் பெயர், ஊர், வருத்தம் மூன்றையும் கொப்பியில் எழுதி, இலக்கம் போட்ட துண்டைக் கையில் கொடுத்து வாங்கில் இருத்துவது என் வேலை. பெயர் வள்ளிநாயகி. 'வள்ளியக்கா, ஒரு துண்டு' என்ற குரலைக் கேட்டுக் கேட்டே என் தலைமயிர் நரைத்தது.

மிஸ் தொண்ணூற்று மூன்றில் வந்தார். திருகோணமலையில் பிறந்தவர்தான், தகப்பன் துறைமுகத்தில் இலிகிதராக இருந்தவர். பேராதனையில் உளவியல் படித்து, பெங்களூரில் மேலும் இரண்டு வருடம் படித்துவிட்டு, ஓடக்கூடியவர்கள் எல்லாரும் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் பெட்டியோடு உள்ளே வந்தார். பல் வைத்தியம் நடக்கும் அறைக்குப் பக்கத்து அறையை அவருக்குக் கொடுத்தார்கள். 'பெண்களுக்கான உளவியல் ஆலோசனை' என்று வாசலில் பலகை ஏறியது. ஒரு கிழமைக்குள் ஊர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. விசர் டொக்டர், பைத்தியங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவராம்.

அதற்குப் பிறகு யார் வருவார்கள்? முதல் மூன்று மாதத்தில் வந்தது ஐந்து பேர். அதில் இரண்டு பேர் கூரைத் தகரம் கேட்டு வந்தவர்கள், ஒருத்தி அரசாங்கக் கச்சேரிக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தவள், இன்னொருத்தி வெயிலுக்குத் தண்ணீர் குடிக்க வந்தவள். ஐந்தாவது ஆள் அறை வாசல் வரைக்கும் வந்து, பலகையை வாசித்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு போனாள்.

"வள்ளி, கேக்கிறதுக்கெண்டு ஆறு வருசம் படிச்சிட்டு வந்தனான். என்னை ஒருத்தரும் கேக்க விடுகினமில்லை" என்று மிஸ் கத்துவார்.

தேவை இல்லாமல் இல்லை. இந்த ஊரில் வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்தால் தெரியும். விடியுமுன் கிணற்றடி, பிறகு குசினி, பிறகு பஸ், சோதனைச்சாவடியில் இறங்கி நடந்து மறுபடி ஏற்றம், கந்தோர், திரும்ப அதே சாவடி, பாண் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பிள்ளைகளின் பாடம். இதற்கிடையில் வெடிச்சத்தம் ஒன்று கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம். இவ்வளவையும் செய்துவிட்டு ஒருத்தி வாங்கில் வந்து இருந்து, 'எனக்கு ஒண்டுமில்லை அக்கா, கொஞ்சம் களைப்பு' என்பாள். கேட்கிற எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

வர மனமிருந்தாலும் வழி இருக்கவில்லை. கந்தோரில் அரை நாள் லீவு வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும், பிரதம இலிகிதர் அதை எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். சாவடியில் எங்கே போகிறாய் என்று ஆமிக்காரன் கேட்பான். வீட்டில் அதைவிடக் கடுமையான விசாரணை. வயிற்று வலி என்றால் வயிற்றைக் காட்டலாம். மனம் சரியில்லை என்று எதைத் தொட்டுக் காட்டுவது?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். புதன்கிழமைகளில் பல் டொக்டர் சிவகுருநாதன் வருவார். பல்லுக்கு வருகிறவர்களுக்குத் துண்டில் 'பல்' என்று எழுதி முத்திரை குத்துவேன். அந்தத் துண்டு லீவுக்கும் செல்லும், சாவடிக்கும் செல்லும். கன்னத்தைப் பொத்திக் காட்டினால் எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும். தயங்கித் தயங்கி நின்ற ஒருத்தியிடம் மெல்லச் சொன்னேன். "புதன்கிழமை வாரும் தங்கச்சி. பல்லெண்டு எழுதித் தாறன். மற்றக் கதவாலை உள்ளுக்குப் போம்."

அவ்வளவுதான். அடுத்த புதன் நாலு பேர், அதற்கடுத்த புதன் ஒன்பது பேர். புல்மோட்டையிலிருந்து ஸல்ஹா என்ற பள்ளிக்கூட ரீச்சர் இரண்டு பஸ் மாறி வந்தாள். மிஸ்ஸுக்கு விஷயம் தெரியவந்தபோது குதித்தார்.

"நான் என்ன பல்லுப் பிடுங்கப் படிச்சனானே? பொய்யிலை தொடங்கிற வைத்தியம் எங்கை போய் முடியும் எண்டு தெரியுமோ உமக்கு?"

"அப்ப பலகையைப் பாத்துக்கொண்டு இருங்கோ மிஸ். பலகை வந்து கதைக்கும்" என்றேன் நானும்.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், மாத அறிக்கையில் 'பயனாளிகள்: இருபத்தேழு' என்று எழுதும்போது பேனை மேசையைக் குத்தவில்லை. நானும் அதைக் கண்டேன், நான் கண்டதை அவரும் கண்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை. மற்ற நாட்களில் மிஸ் ஈ ஓட்டுவார், புதன்கிழமை தேத்தண்ணி குடிக்க நேரம் இராது. டொக்டர் சிவகுருநாதன் மட்டும் மாதம் முடிய என் மேசைக்கு வந்து கொப்பியைத் தட்டுவார். "வள்ளி, என்ரை கணக்கிலை நாப்பது துண்டு போயிருக்கு. நான் பிடுங்கினது பதினொரு பல்லு. மிச்சப் பல்லெல்லாம் எங்கை?" நான் அலுமாரியில் எதையோ தேடுவேன்.

கொழும்பில் இருந்தவர்களின் எரிச்சல் வேறு ரகம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே பெண்கள் சமநிலை காப்பது எப்படி என்று ஒரு பயிற்சி நடத்தச் சொல்லி, வட்டம் கீறிய தாள்கள் ஒரு கட்டு அனுப்பினார்கள். வட்டம்தான் ஒரு நாளாம். அதை வேலை, வீடு, ஓய்வு, 'எனக்காக' என்று பங்கு போட வேண்டுமாம். மிஸ் முறைத்துக்கொண்டே கொடுத்தார். பெண்கள் அக்கறையாக நிரப்பினார்கள். கூட்டிப் பார்த்தால் ஒருத்தியின் நாளில் இருபத்தாறு மணித்தியாலம். இன்னொருத்தி 'எனக்காக' என்ற இடத்தில் 'பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தால்' என்று எழுதியிருந்தாள். மிஸ் அந்தத் தாளையே கடித உறையில் போட்டு, 'சமநிலை இதுதான், வேறு இருந்தால் அனுப்பிவையுங்கள்' என்று கொழும்புக்கு எழுதினார்.

யன்னல் பக்கத்து இடம் என்று எழுதியவள்தான் புஷ்பவதி.

நிலாவெளிக்காரி. நகரத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்து வேலை. புருசன் சவூதியில், இரண்டு பிள்ளைகள், கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சி, தாய் கனகம்மா, எல்லாரும் புஷ்பவதிக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருந்தார்கள். தொண்ணூற்றேழு தையில் அவளுடைய பஸ்ஸுக்கு முன்னால் போன பஸ் வெடியில் அகப்பட்டது. இவளுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இரவில் நித்திரை இல்லை, பகலில் தட்டெழுத்துப் பொறியில் வரி முடிகிற மணி 'டிங்' என்றால் உடம்பு தூக்கிப் போடும், கை நடுங்கும், ஒரே வரியை இரண்டு தரம் அடிப்பாள். விளக்கம் கேட்டு இரண்டு கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போகும். விசர் டொக்டரிடம் போகிறாள் என்று வெளியே தெரிந்தால் தங்கச்சிக்குப் பேசி வைத்திருக்கிற சம்பந்தம் போகும். இதுதான் அவள் நிலைமை.

அறைக்குள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மிஸ் சொல்ல மாட்டார். அவள் வரத் தொடங்கி ஐந்தாம் மாதம் ஒரு புதன், புஷ்பவதி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தாள். முழுப் பக்கம். ஒரு பிழை இல்லை. "அக்கா, மணி பதினெட்டுத் தரம் அடிச்சது. நான் எண்ணினனான். ரெண்டு தரம்தான் திடுக்கிட்டனான்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ் இன்னும் இரண்டு மாதம் வரச் சொல்லியிருந்தார்.

அந்த இரண்டு மாதத்துக்குள்தான் கனகம்மா மோப்பம் பிடித்தார். ஆறு மாதம் பல்லுக்குப் போகிறாள், வாயில் ஒரு பல்லும் குறையவில்லை. இரவில் நித்திரையாகக் கிடந்தவளின் வாயை ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தாராம். பல்லெல்லாம் முத்துப்போல நிரையாக இருந்ததாம். அயலிலும் கதை கிளம்பியது. புருசன் வெளிநாட்டில், பெண்சாதிக்குக் கிழமைக்கொரு நாள் நகரத்தில் என்ன வேலை? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா. கனகம்மா மகளிடம் சொன்னாராம், "வாற புதன் நானும் வாறன். அந்தப் பல்லு டொக்டரை ஒருக்கால் பாக்க வேணும்."

அந்தப் புதன் புஷ்பவதி தாய்க்குச் சொல்லாமல் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். துண்டை வாங்கினாள். நேரே பல் டொக்டரின் கதவுக்குப் போனாள். அவசரத்தில் கதவு தவறிவிட்டாளாக்கும் என்று நினைத்து, "தங்கச்சி, மற்றக் கதவு" என்றேன்.

"தெரியும் அக்கா" என்றாள்.

கால் மணித்தியாலத்தில் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே மிஸ்ஸின் அறைக்குப் போனாள். பின்னாலேயே டொக்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

"இதைப் பாரும் வள்ளி. கடைவாய்ப் பல்லு. மூண்டு நாளா நித்திரை இல்லை, பிடுங்குங்கோ எண்டு வந்து இருந்தா. தட்டிப் பாத்தன், ஒண்டுமில்லையெண்டு சொன்னன். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பிடுங்காட்டி எழும்ப மாட்டன் எண்டா. வெளியிலை முப்பது பேர் நிக்கினம். பிடுங்கிப்போட்டன். என்ன நடக்குது இந்த இடத்திலை?"

தட்டில் அந்தப் பல் கிடந்தது. வெள்ளை வெளேரென்று, வேர் நீண்டு, ஒரு புள்ளிகூட இல்லாமல். தாய்க்குக் காட்ட ஒரு பல் வேண்டியிருந்தது, அவள் தன்னுடையதைக் கொடுத்துவிட்டாள். பல்லைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு போய் மிஸ்ஸின் கதவைத் தட்டினேன். ஆள் உள்ளே இருக்கும்போது நான் தட்டியது அதுதான் முதல் தடவை.

மிஸ் வெளியே வந்தார். பஞ்சை விரித்துப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வள்ளி, இதை டொக்டர் பிடுங்கேல்லை. நீரும் நானும் சேர்ந்துதான் பிடுங்கினது" என்றார் மெல்ல.

பஞ்சை மடித்து என் கையில் திரும்பத் தந்தார்.

"நாளையிலையிருந்து பல்லெண்டு எழுத வேண்டாம். ஒருத்தருக்கும் வேண்டாம்."

"எழுதாட்டி ஆர் மிஸ் வருவினம்? இவளே வரமாட்டாள். இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு எண்டெல்லே சொன்னனீங்கள்."

"எழுதினால் அடுத்தவள் எத்தினை பல்லோடை வருவாள்?"

வாங்கில் இருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு உள்ளே போனார். நான் பஞ்சைப் பிடித்தபடி என் மேசையில் வந்து இருந்தேன்.

பத்தரை மணிக்குக் கனகம்மா வந்தார். சாவடியில் பஸ்ஸை மறித்துவிட்டார்களாம், வெயிலில் நடந்து வந்த களை முகத்தில் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்தித்தான் கதைத்தார்.

"நான் புஷ்பவதியின்ரை தாய். பிள்ளை பல்லுக்கு வந்தவளோ?"

"ஓம் அம்மா. பிடுங்கியாச்சு. உள்ளுக்கு இருக்கிறா."

"பிடுங்கின பல்லு எங்கை?"

கொடுக்காமல் விட்டிருக்கலாம். நாலு வருடமாகப் பொய் எழுதிய கை, அன்று ஏனோ நீண்டது. கனகம்மா பஞ்சோடு யன்னலடிக்குப் போய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"இதிலை சூத்தை எங்கை கிடக்கு?"

நான் கொப்பியைப் பார்த்தேன். அவர் வாங்கின் நுனியில் போய் இருந்தார். அரை மணித்தியாலம் அப்படியே இருந்தார். ஒரு கதவால் போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்தார், மற்றக் கதவடியில் காத்திருந்தவர்களைப் பார்த்தார். நடுவே மிஸ் கதவைத் திறந்து ஸல்ஹாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்; வாசலிலேயே நின்று இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கனகம்மா எழும்பி என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அந்தக் கதவாலை வாறவை வாயைப் பொத்திக்கொண்டு வருகினம். இந்தக் கதவாலை வாறவள் கண்ணைத் துடைச்சுக்கொண்டெல்லே வாறாள். இஞ்சை என்ன செய்யிறவை?"

நாலு வருடம் இத்தனை பேருக்கு விளக்கம் சொன்ன எனக்கு அன்று அலுத்துப்போயிருந்தது. "கதைக்கிறவை அம்மா" என்றேன். "வேறை ஒண்டும் இல்லை. ஊசியும் இல்லை, குளிசையும் இல்லை. இருந்து கதைக்கிறவை. உள்ளுக்கு ஒரு மிஸ் இருந்து கேப்பா."

"கேட்டிட்டு ஊருக்குச் சொல்லுவாவோ?"

"எனக்கே சொல்ல மாட்டா."

"கதைச்சால் நித்திரை வருமோ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "கனபேருக்கு வந்திருக்கு அம்மா. உங்கடை பிள்ளையும் நித்திரை இல்லாமல்தான் வந்தவ" என்றேன்.

"அப்ப எனக்கும் ஒரு துண்டு தா."

பழக்கத்தில் கை தானாக எழுதியது. பெயர் கனகம்மா, ஊர் நிலாவெளி. வருத்தம் என்ற இடத்தில் பேனை நின்றது. மிஸ் நாளையிலிருந்துதானே வேண்டாமென்றார் என்று நினைத்துக்கொண்டு 'ப' போட்டேன்.

"என்ன எழுதுறாய்?"

"பல்லுக்குத்து எண்டு, அம்மா. அப்பிடித்தான் எல்லாருக்கும்..."

கனகம்மா முந்தானையை எடுத்தார். வாயைத் திறந்து காட்டினார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஒரு பல் இல்லை.

"பல்லெண்டு எழுதாதை, பிள்ளை" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. வாங்கு முழுக்கக் கேட்டது. "என்ரை மூத்தவன் கதிரவேல் சீனன்குடாப் பக்கம் வேலைக்கெண்டு போனவன். தொண்ணூறாம் ஆண்டு. வரேல்லை. அண்டையிலையிருந்து எனக்கு நித்திரை இல்லை. மகளுக்குத் தெரியக்கூடாதெண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறன். அவளும் நித்திரையில்லை எண்டு இப்பதானே தெரியுது. உள்ளதை எழுது."

எழுதினேன். அந்த வாங்கில் அன்று வேறு யாரும் எழும்பி வந்து தங்கள் துண்டை மாற்றவில்லை. ஊர் ஒரு நாளில் திருந்துமா? தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவதென்று தெரியவில்லை. ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்துப் பாயில், தாயும் மகளும் ஒருத்தி நித்திரை என்று மற்றவள் நினைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்திருக்கிறார்கள். ரோச் அடித்துப் பார்த்த இரவிலும் இரண்டு பேரும் விழிப்பு. ஒரு சொல் கதைத்திருந்தால் போதும், நகரத்துக்கு வந்திருக்கவும் தேவையில்லை. அதைக் கதைக்காமல் விட்டதற்கு ஒரு நல்ல பல் போயிற்று.

கதவு திறந்தது. புஷ்பவதி வெளியே வந்தாள். தாயைக் கண்டதும் முகம் வெளிறியது. வாயில் பஞ்சு. கனகம்மா அவள் கையை விரித்து, அந்தப் பல்லை வைத்து மூடினார்.

"நல்ல பல்லையெல்லே பிடுங்கிப்போட்டாய், மோளே" என்றார். "இதிலை இரு. போயிடாதை. நான் கதைச்சிட்டு வாறன், சேர்ந்து போவம்."

மிஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கனகம்மா என்னிடமிருந்து துண்டை வாங்கி, அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.